டிரான்ஸமில் இரண்டு ஓட்டை: மெர்குரூஸர் 5.7 போட்டின் எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறைத்த வேலை

டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்காகப் பழைய இருபதடி பௌரைடர் (முன்மூக்கிலும் சீட் உள்ள மோட்டார் போட்) ஒன்று வாங்கினேன். 90களின் கடைசியில் வந்த போட். மெர்குரூஸர் 5.7 லிட்டர் வி8 எஞ்சின், ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன் டிரைவ், அதாவது எஞ்சின் போட்டுக்குள், புரொப்பல்லரைச் சுற்றும் டிரைவ் பின்னால் வெளியே. எஞ்சினில் குறையில்லை, பைபர் உடம்பும் பரவாயில்லை, விலையும் கட்டுப்படியானது. ஆனால் டிரான்ஸமில், அதாவது பின்பலகையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இரண்டு நாலங்குலக் குழாய்கள் பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தன. கம்பெனி கொடுத்தவை அல்ல. முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ ஓட்டை போட்டு மாட்டியவை. விற்றவர் அதைத்தான் முதலில் பெருமையாகக் காட்டினார். சாவியைத் திருப்பியதும் மரீனாவில், அதாவது படகுத்துறையில், காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்தை அடக்கிய வேலைதான் இது. புதிதாக சைலன்சர் எதுவும் மாட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்திருந்த பழைய வழியைத் திறந்துவிட்டதுதான் பெரிய வேலை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

இந்த எஞ்சினில் ஏரித் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. வேலை முடிந்த தண்ணீர், சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மேனிஃபோல்டுக்கு மேலே இருக்கும் எல்போ என்ற வளைவுக் குழாயின் நுனியில் புகையோடு கலந்து வெளியேறும். பல நூறு டிகிரியில் வரும் புகை அந்த இடத்தில் சட்டென்று குளிர்ந்து சுருங்கிவிடுகிறது. அதற்கப்புறம் ரப்பர் ஹோஸ் போதும், இரும்புக் குழாய் வேண்டாம். சத்தத்தில் ஒரு பங்கும் அங்கேயே அடங்கிவிடுகிறது. கம்பெனி அமைப்பில் இரண்டு பக்க எல்போக்களும் கீழே ஒரு ஒய் குழாயில் சேரும். அது டிரான்ஸத்தைக் கடந்து டிரைவுக்குள் இறங்கி, புரொப்பல்லரின் குடத்துக்கு நடுவே தண்ணீருக்குள் போய்விடும். போட் ஓடும்போது குடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் புகையைத் தண்ணீரே இழுத்துக்கொள்ளும். ஆக, கம்பெனிக்காரன் ஏரியையே சைலன்சராக வைத்திருக்கிறான். என் போட்டில் இதைத் தவிர்த்து, எல்போவிலிருந்து நேராக டிரான்ஸத்துக்கு ஹோஸ் இழுத்து, காற்றில் திறந்துவிட்டிருந்தார்கள்.

ஏன் அந்த 'டுபு டுபு' என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். ஆக வெடிப்புகள் இடம், வலம், வலம், இடம், வலம், இடம், இடம், வலம் என்று வருகின்றன. கிராங்க் 90 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு வெடிப்பு என்பதால் மொத்தமாகக் கேட்டால் தாளம் தப்பாது. இடது குழாயை மட்டும் தனியாகக் கேட்டால் 270, 180, 90, 180 டிகிரி இடைவெளியில் நொண்டிக்கொண்டு வரும். வலதும் அப்படியே. வி8 ரசிகர்கள் உருகுவது இந்த நொண்டலுக்குத்தான். இரண்டு பக்கமும் ஒய் குழாயில் ஒன்று சேர்ந்தால் இடைவெளிகள் நிரம்பி, சத்தம் சீராகிவிடும். ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, 700 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஏறக்குறைய 47 வெடிப்பு. இவ்வளவு தாழ்ந்த சுருதி சுவரையும் கண்ணாடி ஜன்னலையும் சுலபமாகத் தாண்டிவிடும். சாயங்காலத்தில் இன்னும் மோசம். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும்போது, சத்தம் மேலே போகாமல் வளைந்து கீழே திரும்பி, எதிர்க்கரை வரைக்கும் போகும்.

ஓட்டுகிறவருக்கு இது தெரியாது என்பதுதான் வேடிக்கை. குழாய் முதுகுக்குப் பின்னால், முகத்தில் காற்று. கரையில் நிற்கிறவருக்குத்தான் முழுப் படையல்.

சட்டமும் இருக்கிறது. கனடாவின் ஸ்மால் வெசல் ரெகுலேஷன்ஸ்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் ஓட்டும் மோட்டார் போட்டில் ஒழுங்காக வேலை செய்யும் மஃப்ளர், அதாவது சைலன்சர், இருக்க வேண்டும். புகை புரொப்பல்லர் குடத்தின் வழியாகவோ அதற்கு மேலே இருக்கும் கேவிடேஷன் தட்டுக்குக் கீழேயோ தண்ணீருக்குள் போகும் ஸ்டெர்ன் டிரைவுகளுக்கு விலக்கு. அதாவது கம்பெனி விட்டபடி இருந்திருந்தால் என் போட்டுக்கு மஃப்ளரே தேவையில்லை. ஓட்டை போட்டதும் தேவை வந்துவிட்டது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் எண்ணாகவே எழுதி வைத்திருக்கின்றன: கரையில் அளந்தால் 75 டெசிபல், நிற்கும் போட்டின் அருகே ஐடிலில் அளந்தால் 88 அல்லது 90.

வேலையில் இறங்குவதற்கு முன்னால் அளந்து வைத்துக்கொண்டேன். போன் ஆப்தான். அதில் வரும் எண்ணை எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது. ஆனால் அதே போன், அதே இடம், காற்றில்லாத நாள் என்று பார்த்துக்கொண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். போட்டை டாக்கில் (படகு கட்டும் மேடையில்) கட்டி, டிரைவை முழுக்க இறக்கி, குழாய் வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தேன். ஐடிலில் 92. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாலும் அதே 92, மூடினாலும் 92. இந்த ஒரு சோதனை முக்கியம். மூடியைத் திறந்ததும் எண் ஏறியிருந்தால் சத்தம் எஞ்சினிலிருந்து வருகிறது, எக்ஸாஸ்டில் கை வைத்துப் பயனில்லை என்று அர்த்தம். அப்புறம் மனைவி 3000 ஆர்பிஎம்மில் டாக்கைத் தாண்டி ஓட்டிப் போக, நான் டாக் நுனியில் நின்று அளந்தேன். 86. கான்கிரீட் சுவர் பக்கத்தில் இருந்தால் எதிரொலி சேர்ந்துவிடும், அதனால் திறந்த பக்கமாகத் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.

டெசிபல் கணக்கில் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 10 குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தெரியும். 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, ஆனால் காதுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. '3 டெசிபல் குறைக்கும்' என்று விற்கும் சாமானுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுக்கும்போது இது உதவும்.

என்னென்ன செய்யலாம் என்று பார்த்தேன். ஹோஸின் நடுவே மாட்டும் இன்லைன் மஃப்ளர்தான் முதலில் மனதில் வந்தது. பைபரில் செய்த குண்டுக் குழாய். நாலங்குல ஹோஸுக்கு வருவதெல்லாம் ஒன்றரை அடிக்குக் குறையாத நீளம். என் போட்டில் எல்போவுக்கும் டிரான்ஸத்துக்கும் நடுவே ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல்தான் இடம். அதற்குள் சரிவும் வேண்டும். எக்ஸாஸ்ட் ஹோஸ் வெளிவாயை நோக்கி அடிக்கு அரை அங்குலமாவது இறங்கிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி எஞ்சின் பக்கம் திரும்பும். இடத்தை வளைத்து நெளித்துத் திணிக்க எனக்கு மனமில்லை.

குழாய் வாயில் கீழ்நோக்கி வளைந்த டிப் மாட்டுவது இன்னொரு வழி. விலை குறைவு, கொஞ்சம் பலனும் உண்டு. ஆனால் அந்த வாயைத் தண்ணீருக்குள் முக்கும் அளவுக்கு இறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். ஐடிலில் எக்ஸாஸ்டில் அழுத்தம் முன்னும் பின்னுமாக அடிக்கும். வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் சிலிண்டர் ஈரத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் சத்தப் பிரச்சினை நிரந்தரமாகவே தீர்ந்துவிடும், எஞ்சினும் சேர்ந்து. சுவிட்ச் போட்டால் புகை மேலேயும் கீழேயும் மாறும் டைவர்ட்டர் வால்வுகளும் கிடைக்கின்றன. காசு இருக்கிறது, ஆசையும் விடவில்லை என்பவர்களுக்கு அது.

மரீனாவில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணனிடம் மஃப்ளர் விலை கேட்கப் போனேன். அவர் விலை சொல்லவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உம்மட ஒய் பைப் இன்னும் உள்ளுக்கத்தான் கிடக்குது. வாயில தொப்பி போட்டு மூடி விட்டிருக்கினம். ஏன் மூடினவங்கள் எண்டு முதல்ல பாரும், பிறகு காசு செலவழிக்கலாம்" என்றார்.

அது நல்ல கேள்வி. ஒய் குழாய் எஞ்சினுக்கும் டிரான்ஸத்துக்கும் நடுவே நாலு போல்ட்டில் பிடித்திருக்கும். கழற்றுவதென்றால் பெரும்பாலும் எஞ்சினை நகர்த்தவோ தூக்கவோ வேண்டும். அதனால் மாற்றியவர் அதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளின் வாயையும் ரப்பர் தொப்பியால் மூடி கிளாம்ப் போட்டிருந்தார்.

பனி விட்டதும் டிரைவ்வேயில் டிரெய்லர் மேல் வைத்து வேலையைத் தொடங்கினேன். தொப்பி இரண்டையும் கழற்றி, போனோடு இணையும் எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டேன். ஒய் குழாயின் இரண்டு கைகளிலும் ஷட்டர் என்று ஒரு தகடு தொங்கும். ரப்பர் போர்த்திய தகடு, மேலே ஒரு குறுக்குக் கம்பியில் கீல் மாதிரி ஆடும். புகை வரும்போது திறந்து கொடுக்கும். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் வரும் அலை டிரைவ் வழியாக மேலே ஏறப் பார்க்கும், அப்போது மூடிக்கொள்ளும். வலது கையில் ஷட்டர் இருந்தது, ரப்பர் வெடித்துப் போயிருந்தாலும் ஆடியது. இடது கையில் குறுக்குக் கம்பியின் துரு ஏறிய இரண்டு குச்சம் மட்டும்தான். தகட்டைக் காணோம். கேமராவை இன்னும் இறக்கினால், இரண்டு கைகளும் சேரும் தொண்டையில் தகடு மல்லாந்து படுத்துக் கிடந்தது. வழியில் பாதிக்கு மேல் அடைப்பு.

இதற்கப்புறம் நடந்ததை ஊகிக்கத்தான் முடியும், ஆனால் கதை பொருந்துகிறது. ஷட்டர் விழுந்ததும் புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணறியிருக்கும், ஆர்பிஎம் ஏறாது. கார்ப்பரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி எல்லாம் பார்த்திருப்பார்கள். கடைசியில் யாரோ 'எக்ஸாஸ்டை ஃப்ரீ ஆக்கிவிடு' என்று சொல்ல, டிரான்ஸத்தில் ஓட்டை விழுந்திருக்கும். உடனே வண்டி பறந்திருக்கும். இப்படி டிரான்ஸத்தில் ஓட்டை போட்டு விடும் த்ரூ ஹல் எக்ஸாஸ்ட் போட்டால் பவர் கூடும் என்று சத்தியம் செய்யும் ஆட்களில் எத்தனை பேரின் ஒய் குழாயில் இப்படி ஒரு தகடு படுத்திருக்கிறதோ.

தகட்டை எடுப்பது லேசாக இல்லை. காந்தம் ஒட்டவில்லை. படுத்த வாக்கில் அது குழாயின் அகலத்துக்கு இருந்ததால் நேராக இழுத்தால் சிக்கியது. கோட் மாட்டும் கம்பி ஹேங்கரை வெட்டி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கேமராவைப் பார்த்துக்கொண்டே தகட்டின் ஓரத்தை நெம்பி நிமிர்த்தினேன். நிமிர்ந்ததும் கம்பி போகும் காதில் கொக்கியை மாட்டி, பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் வந்துவிட்டது. ஒரு கையில் போன், ஒரு கையில் கம்பி, கார்புரேட்டர் மேல் வயிறு. யாராவது கேமராவைப் பிடித்தால் பாதி நேரம் மிச்சம்.

அப்புறம் வழி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரை ஒய் குழாயில் கவிழ்த்தேன். டிரைவ் இறக்கிய நிலையில் இருந்தது. தண்ணீர் துருவும் மணலுமாகப் புரொப்பல்லர் குடம் வழியாகக் கொட்டியது. வெளியே டிரைவுக்கும் டிரான்ஸத்துக்கும் நடுவே இருக்கும் எக்ஸாஸ்ட் பெல்லோஸ் என்ற மடிப்பு ரப்பர் குழாயின் மடிப்பிலிருந்தும் லேசாகச் சொட்டியது. அதில் மயிரிழை வெடிப்பு. பக்கத்தில் டிரைவைச் சுற்றும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் யூ ஜாயின்ட் பெல்லோஸ் கிழிந்தால் போட்டுக்குள் தண்ணீர் ஏறி மூழ்கடிக்கும். எக்ஸாஸ்ட் பெல்லோஸ் அப்படியல்ல, புகையும் கொஞ்சம் சத்தமும் கசியும், அவ்வளவுதான். இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

புது ஷட்டர்கள், குறுக்குக் கம்பிகள், எல்போவையும் ஒய் குழாயையும் இணைக்கும் வார்ப்பு ரப்பர் குழாய்கள் வாங்கினேன். இந்த ரப்பர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. எஸ்ஏஇ ஜே2006 என்ற தரக்குறி அச்சிட்ட மரைன் எக்ஸாஸ்ட் ஹோஸ் அல்லது எஞ்சின் கம்பெனியின் வார்ப்புக் குழாய், வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப், முழுக்க ஸ்டெயின்லெஸ், அரை அங்குலத்துக்குக் குறையாத அகலம். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப் போகும். எல்போக்களைக் கழற்றிய கையோடு உள்ளே தண்ணீர் போகும் துளைகளையும் சுரண்டிப் பார்த்தேன். சிம்கோ நல்ல தண்ணீர் ஏரி என்பதால் பிழைத்தது. உப்புத் தண்ணீரில் ஓடிய எல்போவாக இருந்தால் இந்த வயதுக்குத் துரு தின்றிருக்கும்.

டிரான்ஸம் ஓட்டைகளுக்கு ஸ்டீல் தகடு வைத்து மூடிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். குழாய்களைக் கழற்றிப் பார்த்தபோது அது முடியாது என்று தெரிந்தது. வெட்டிய வாயில் நடுவே தெரியும் பிளைவுட்டுக்கு எபாக்சி பிசின் பூசாமல், மேலே சிலிக்கான் மட்டும் வைத்துக் குழாயைச் செருகியிருந்தார்கள். விரலால் அழுத்தினால் மரம் அமுங்கியது. நல்லவேளையாக ஈரம் ஒரு விரல் ஆழத்துக்குமேல் போகவில்லை. உளியால் சுரண்டி நல்ல மரம் வரும்வரை எடுத்துவிட்டு, ஃபேன் வைத்துக் காய விட்டேன். சுத்தியால் தட்டினால் 'தொப்' என்ற இடமெல்லாம் 'டக்' என்று கேட்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் மரைன் பிளைவுட் வட்டம் வெட்டி, கெட்டியாகக் குழைத்த எபாக்சியில் பதித்து, வெளிப்புறம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் பைபரை இழைத்து, கண்ணாடி இழைத் துணியைச் சிறிது பெரிதாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மூடினேன். கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலம் சரிவு என்றால் சுற்றிலும் நிறைய இடம் தின்னும். ஆனால் தண்ணீர் அடிக்கும் இடத்தில் குறுக்கு வழி வேண்டாம். கடைசியில் பூசிய ஜெல்கோட் என்ற மேற்பூச்சின் வெள்ளை, போட்டின் பழைய வெள்ளையோடு பொருந்தவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டு நிலா தெரியும்.

தண்ணீரில் இறக்கி ஓட்டியபோது முதலில் பார்த்தது சத்தத்தை அல்ல, இணைப்புகளை. எஞ்சின் அறையிலிருந்து பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் ப்ளோயரை நாலு நிமிடம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்து, ஒவ்வொரு கிளாம்ப்பின் கீழும் காகித டவலால் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் கசியும் இடத்தில் புகையும் கசியும். அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனை கிடையாது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் ஹவுஸ்போட் ஒன்றின் பின்தட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் புகை தேங்கி, அங்கே நீந்திக்கொண்டிருந்த சிறுவர்கள், அண்ணன் தம்பி இருவர், இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் இந்த ஆபத்தை அங்கே தீவிரமாக ஆராய்ந்தார்கள். என் பழைய குழாய்கள் இரண்டும் குழந்தைகள் கால் தொங்கவிட்டு உட்காரும் ஸ்விம் பிளாட்ஃபார்முக்கு நேர் கீழேதான் இருந்தன. இப்போது புகை தண்ணீருக்குள் போனாலும் பின்னால் குமிழ் விட்டு மேலே வரத்தான் செய்யும். எஞ்சின் ஓடினால் பிளாட்ஃபார்மில் யாரும் உட்காரக்கூடாது என்பது எங்கள் போட்டில் மாறாத விதி. கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் ஒன்றையும் மாட்டியிருக்கிறேன்.

அதே இடம், அதே போன். ஐடிலில் 92 இருந்தது 77 ஆகிவிட்டது. 3000 ஆர்பிஎம்மில் கடந்து போகையில் 86 இருந்தது 75. நொண்டித் தாளம் போய், டாக்கில் நின்று கேட்டால் குமிழிச் சத்தமும் ஒரு முணுமுணுப்பும் மட்டும்தான். பவர் போய்விடுமோ என்று பயந்தவர்களுக்கு: த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் இந்த எஞ்சின் 4400க்கும் 4800க்கும் நடுவே வர வேண்டும். என்னுடையது 4600ஐத் தொட்டது. அழுத்தமானி எல்லாம் மாட்டத் தேவையில்லை, வழியில் அடைப்பு இருந்தால் இந்த எண் வராது. செலவு, ஒரு ஜோடி இன்லைன் மஃப்ளர் விலையில் பாதிகூட ஆகவில்லை. அதிலும் எபாக்சிதான் பெரிய பங்கு.

எக்ஸாஸ்ட் அடங்கியதும் இதுவரை கேட்காத சத்தமெல்லாம் வெளியே வந்தது. மூடியைத் திறந்தால் ஐடிலிலேயே எண் இப்போது ஏறுகிறது. கார்ப்பரேட்டர் காற்றை உறிஞ்சும் உறுமல், ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் சீழ்க்கை. கார்ப்பரேட்டர் வாயில் இருக்கும் ஃப்ளேம் அரெஸ்டரை எடுத்துவிட்டு கார் ஏர் ஃபில்டர் வைத்தால் உறுமல் குறையும் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெட்ரோல் போட்டில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் பின்னடித்தால் தீயைத் தடுப்பது அந்த அரெஸ்டர்தான். மூடிக்கு அடியில் இருந்த பழைய ஸ்பாஞ்ச் ஈரம் குடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, கனமான வினைல் படலம் நடுவே வைத்த மரைன் ஃபோம் ஒட்டினேன். வெறும் ஃபோம் கீச்சுச் சத்தத்தை மட்டும் குடிக்கும், உறுமலை நிறுத்துவது நடுவிலுள்ள கனம்தான். காற்றுத் துளைகளையும் ப்ளோயர் குழாய் வாயையும் மறைக்காமல் வெட்டிக்கொண்டேன். இப்போது சீட்டில் உட்கார்ந்து பின்னால் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறது.

சில மணி நேரம் ஓடிச் சூடு பட்ட பிறகு கிளாம்ப்கள் எல்லாமே கால் சுற்று இறுக்கம் வாங்கின. புது ரப்பர் அப்படித்தான் அமுங்கும், முதல் மாதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெடித்த எக்ஸாஸ்ட் பெல்லோஸை நவம்பரில் போட் வெளியே வந்ததும் மாற்றப்போகிறேன். டிரைவைக் கழற்றினால்தான் அந்த இடத்துக்குக் கை போகும். கழற்றும் கையோடு சேர்த்து மாற்றிவிட யூ ஜாயின்ட் பெல்லோஸையும், டிரைவின் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கையும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன். டிரைவைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மெக்கானிக் அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.